தொட்டிக்கு அடியில் மாட்டிய கால்

ரென்ஸ்காவுக்குப் பதற்றமே வராது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்திருந்தோம். கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது அவள் வேலை. ஒரு பக்கம் கார்கள் ஹாரன் அடிக்கும், இன்னொரு பக்கம் படகுக்காரர்கள் கத்துவார்கள். அவள் காபியை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவாள். கணவன் ஹெஸலுக்குப் பக்கவாதம் வந்த அன்றுகூட, ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவனுடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, சவரக் கத்தி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

அந்த நோய் ஹெஸலின் வலது காலில் உணர்ச்சியையும் வாயிலிருந்த சொற்களையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை "இல்ல", "அங்க", "விடு", அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை.

தோட்டத்துக் குளம் அவன் கையால் வெட்டியது. நடுவில், செங்கல் அடுக்கின் மேல், ஒரே ஓர் அல்லித் தொட்டி. இரண்டு கோடையாக அதில் பூவே இல்லை. இலைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தண்ணீருக்கு மேல் எழும்பி நின்றன. கிழங்கு தொட்டி முழுக்க அடைத்துக்கொண்டுவிட்டது, எடுத்துப் பிரித்து உரம் வைக்க வேண்டும் என்று ஹெஸலுக்குத் தெரியும். சொல்லத்தான் வராது. ஜன்னலருகே நின்று குளத்தைக் காட்டுவான், கையால் வெட்டிக் காட்டுவான், "அங்க" என்பான். மகள் யில்டோ வந்தபோது, "மண்ணப் போட்டு மூடிடும்மா, ஒரு நாள் அப்பா அதுல விழத்தான் போறாரு" என்றாள். ஹெஸல் தன் கெட்ட வார்த்தையை அவளுக்குச் செலவழித்தான்.

ஏப்ரலில் ரென்ஸ்கா மனமிறங்கி, கிழங்கைப் பிரிக்கச் சம்மதித்தாள். சனிக்கிழமை இருவருமாகச் செய்யலாம், அதுவரை குளத்துப் பக்கம் போகக்கூடாது என்று அவனிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை களிமண்ணும் உர மாத்திரையும் இன்னொரு தொட்டியும் வாங்கச் சைக்கிளில் போனாள்.

திரும்பி வந்தபோது சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. ஊன்றுகோல் புல்லில் கிடந்தது. ஹெஸல் குளத்தின் நடுவில், தொடை வரை தண்ணீரில், மண்ணைக் கிளறும் நீண்ட முள்கருவி ஒன்றை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு நீலமாகியிருந்தது.

"எவ்ளோ நேரமா நிக்கற?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான். பிறகு கீழே பார்த்தான். "அங்க."

அவள் போட்டிருந்த காலணியோடு இறங்கினாள். குளிர் எலும்பில் ஏறியது. சேற்றுக் கலங்கலில் கையை விட்டுத் துழாவியபோதுதான் புரிந்தது. தொட்டி செங்கல்லிலிருந்து சரிந்து அவன் வலது பூட்ஸின் மேல் கவிழ்ந்திருந்தது. கூடைத்தொட்டியின் ஓட்டைகள் வழியே வேர்கள் வெளியேறி அடிச் சேற்றைக் கவ்வியிருந்தன. இரு கையாலும் இழுத்தாள், அசையவில்லை. காலை உருவச் சொல்லலாமென்றால், அந்தக் கால் அவன் சொன்னதைக் கேட்காது.

போன் சைக்கிள் பையில், வாசலில் இருந்தது. விட்டுவிட்டுப் போனால் திரும்புவதற்குள் விழுந்துவிடுவான். என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அடுத்த வீடு என்னுடையது. நானோ பாலாடைக்கட்டி ஆலையில் இருந்தேன்.

கிழங்கை வெட்டுவதற்கென்று அவன் எடுத்து வந்த ரொட்டிக் கத்தி கரைக்கல்லில் இருந்தது. பாதியை அறுத்து எடுத்தால் பாரம் குறையும். கத்தியை எடுத்தாள், அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள், முகவாய் தண்ணீரில் படும்படி குனிந்தாள்.

"கால்ல பட்டா சொல்லு," என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது: பட்டாலும் அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது. வேருக்கும் கிழங்குக்கும் ரப்பருக்கும் அவள் விறைத்த விரல்கள் வித்தியாசம் காணவில்லை. இடது கையைக் கீழே செலுத்தி, பூட்ஸின் மேல் விரித்து மூடினாள். கத்தி தவறினால் முதலில் தன் கையில் படட்டும் என்று. பிறகு அறுக்கத் தொடங்கினாள்.

தவறியது. வலி தெரிந்தது, நிறுத்தவில்லை. தோளில் அவன் பாரம் கூடிக்கொண்டே வந்தது. ஒருவழியாகப் பாதிக் கிழங்கு பிய்ந்து கறுப்பு மரக்கட்டைபோல் மேலே வந்து மிதந்தது. தொட்டியை முழங்காலால் நெம்பி, அவன் காலைப் பூட்ஸிலிருந்து உருவினாள். கரைப் பக்கம் இழுத்தபோது, அவனோ மிதந்த கிழங்கைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"அந்த எழவ விட்டுத் தொலைடா!" என்று அலறினாள். அவள் குரல் அப்படி எழும்பியதை அவன் அதுவரை கேட்டதில்லை. கையை மடக்கிக்கொண்டான்.

கரையேறி அவள் போன் செய்ததும் ஆம்புலன்ஸில் வந்த பெண் ஹெஸலைப் போர்வையில் சுற்றிப் பரிசோதித்தாள். காலில் ஒரு கீறல்கூட இல்லை. ரென்ஸ்காவின் கையைப் பார்த்ததும்தான் அவள் முகம் மாறியது. இரண்டு விரல்களில் எலும்புவரை போயிருந்தது.

மாலையில் நான் வந்து பார்த்தபோது ஈரச் சாக்கில் கிழங்கைச் சுற்றிவைக்கும்படி மட்டும் சொன்னாள். அவனோடு பேசவில்லை. சனிக்கிழமைவரை பேசவில்லை.

சனிக்கிழமை அவள் கையில் கட்டு. ஆகவே நான் குளத்தில் இறங்கிப் பழைய தொட்டியைக் கரையேற்றி, கிழங்கை வெட்டினேன். ஹெஸல் நாற்காலியிலிருந்து காட்டினான்: அழுகிய கறுப்பை வீசு, முளையுள்ள துண்டை வை. களிமண்ணில் கிழங்கைத் தொட்டியின் விளிம்போடு சாய்த்து, முளை நடுவைப் பார்க்கும்படி வைத்தேன். முளையை மண் மூடியபோதெல்லாம் "இல்ல" என்றான். உர மாத்திரையை விரல் முழுக்க இறங்கும்வரை அழுத்தி, ஓட்டையை அடைத்தேன். கசிந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். மேலே சரளைக்கல். இரண்டு தொட்டிகளையும் கயிற்றில் கட்டிக் கரையிலிருந்தே இறக்கினோம். இனி யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்பது ரென்ஸ்காவின் சட்டம்.

வேலை முடிந்ததும் அவள் அவன் எதிரில் வந்து நின்றாள். "நீ செத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றாள். கோபம் குறையவே இல்லை.

ஹெஸல் அவள் கட்டுப் போட்ட கையைத் தொட்டான். வாய் கோணியது, முனகியது. "வலி?" என்றான். நோய் வந்தபின் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

அவள் உள்ளே போய் நெடுநேரம் பாத்திரங்களை உருட்டினாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு தொட்டி பூத்தது. மற்றது அந்த வருஷம் இலையோடு நின்றுவிட்டது. ரென்ஸ்காவின் சுண்டுவிரல் இன்னமும் மடங்குவதில்லை. ஹெஸல் குளத்தருகே போகும்போதெல்லாம் அவளும் எழுந்து கூடப் போகிறாள். கேட்டால், பூ பார்க்கத்தான் என்கிறாள்.