பைப்பில் வளர்ந்த குடைப்பனை

காலை 5.40. கோயமுத்தூர் காந்திபுரத்தில் பவானி பஸ் கிளம்பியபோது என் முழங்கால்களுக்கு நடுவே மூன்றடி பி.வி.சி. பைப் ஒன்று நின்றது. அதன் வாயிலிருந்து விசிறி மடிப்பாக மூன்று இலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏனுங்க, போர்வெல்லுக்குப் பைப்புங்களா? மேல என்னுங்க தழை?" என்றார் கண்டக்டர்.

"குடைப்பனைங்க. இது முளைச்சா மொதல்ல கீழதானுங்க போகும். குருத்து ஒரு மொழ ஆழத்துல உக்காந்திருக்கும். அதுக்குத்தான் பைப்பு."

"கீழ போனாலும் மேல போனாலும் லக்கேஜுங்க" என்று இரண்டு ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். பட்டறைக்கு வரும் மோட்டார் மாறிப்போகாமல் இருக்க, உரியவர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் அதன் மேலேயே எழுதிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் இந்தப் பைப்பிலும் என் பெயரை எழுதியிருந்தேன். பனைமரங்கள் என் பைத்தியம். மூன்று வருடத்துக்கு முன், மலையாளக் கரையில் ஒரு குடைப்பனை ஆயுளில் ஒரே தடவை பூத்துக் காய்த்துச் செத்துப்போனது. அதன் மூன்று விதைகள் எனக்குக் கிடைத்தன. ஒன்றை, முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தே கொன்றேன். ஒன்று இந்தப் பைப்பில் இருக்கிறது. இன்னொன்றைச் செடிக் கண்காட்சியில் பழக்கமான பாப்பாத்தி அக்காவுக்குக் கொடுத்தேன். காவிரிக்கு நடுவே ஒரு திட்டில் தோட்டம் வைத்திருப்பவர். "ஆத்துல போச்சுன்னா சொல்லுங்கக்கா, என்னோடதைக் குடுத்தர்றேன்" என்று அன்றைக்குப் பெருமையடித்து வைத்தேன். போன வாரம் கார்டு வந்தது. 'பெரிய தண்ணி வந்து பனை போச்சு தம்பி.' அதற்குமேல் ஒரு வரி இல்லை. என்னோடதைக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்; கேட்காததால்தான் கிளம்ப வேண்டியதாயிற்று.

அவினாசி, பெருந்துறை தாண்டி பவானி சேர 8.45. வழியெல்லாம் மஞ்சள் காடு பச்சையாக நின்றது. எனக்குத்தான் எதிலும் மனசு ஓடவில்லை. பவானியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். ஆற்றங்கரையில் அக்கா பரிசலோடு நின்றிருந்தார். அறுபது வயதிலும் துடுப்பை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

"வாங்க தம்பி, சாப்ட்டீங்களா?" என்றவர் பைப்பை வாங்கிப் பரிசலில் சாய்த்து வைத்துவிட்டுத் துடுப்புப் போட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான், "நெசமாலுமே கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

திட்டு மொத்தம் மூன்று ஏக்கர். தென்னைகளில் என் தலைக்கு மேலே வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் சிக்கிக் கிடந்தன. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது. கூந்தல்பனை ஒன்று வேரோடு சாய்ந்திருந்தது. தோட்டம் முழுக்க இரண்டடி வண்டல். 'இங்கேயா என் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது?' என்று மேடான இடம் தேடிச் சுற்றிப் பார்த்தேன்.

"வேற எடத்துல வெக்கலாமாக்கா?"

"மூணு ஏக்கர்ல மேடேது தம்பி? எங்க வெச்சாலும் ஆறு வரும். வருதுன்னு வெக்காம இருக்க முடியுங்களா?"

பழைய இடத்திலேயே மண்வெட்டியை எடுத்தார். நான் பைப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டல் முழுதும் வெட்டி எடுத்தார். அழுகிய இலைக்காம்புகள் கையோடு வந்தன. அவர் மண்வெட்டியை மறுபடி ஓங்கியபோது, அந்த அழுகலுக்கு நடுவே விரல் தடிமனில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது.

"நிறுத்துங்கக்கா!"

நான் போட்ட சத்தத்தில் அவர் மண்வெட்டியையே கீழே போட்டுவிட்டார். மண்டி போட்டுக் கையால் மண்ணை விலக்கினேன். இளமஞ்சளாக, கெட்டியாக, குருத்து. மேலே இருந்ததையெல்லாம் ஆறு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. ஆழத்தில் இருந்த இதை அதனால் தொட முடியவில்லை. கண்டக்டருக்குப் பாடம் எடுத்த எனக்கு, கார்டைப் படித்தபோது இது தோன்றவே இல்லை!

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர், வாயில் வசவு.

"கழுத! ஒரு மாசமா உன்ன நெனச்சு அழுதுட்டிருக்கறேன், நீ கீழ உக்காந்து வேடிக்கை பாத்துட்டா இருந்தே?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "காலையிலிருந்து இப்பத்தானுங்க தம்பி உங்க மூஞ்சி மூஞ்சியாட்டம் இருக்குது."

மாட்டிக்கொண்டேன். அவர் பனை பிழைத்ததே என்பதற்கு முன்னால், என் பனை தப்பித்தது என்றுதான் எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கத்தில், "இதையும் வெச்சுக்குங்கக்கா" என்றேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

"வேண்டாமுங்க. அடுத்த தண்ணிக்குள்ள இது தேறுமோ என்னமோ. எனக்கு ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்கோணும். அங்க வெச்சுப் பாத்துக்குங்க."

கம்பஞ்சோறும் மோரும் சாப்பிட்டுவிட்டு, பவானி வந்து மூன்று மணி கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். காலையில் வந்த அதே கண்டக்டர்.

"ஏனுங்க, விக்கலீங்களா?"

"விக்கறதுக்கு என்னோடது இல்லீங்க" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை, தானாக வந்தது. அவர் மறுபடி ஒரு லக்கேஜ் சீட்டைக் கிழித்தார்.

என் வீட்டுப் பக்கம் வெள்ளம் வராது. குழாயில் தண்ணீரே வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். பைப்பை மொட்டை மாடியில் பழைய இடத்திலேயே நிறுத்தி ஒரு சொம்பு ஊற்றினேன். பிறகு பட்டறையிலிருந்து தின்னர் நனைத்த துணியும் வெள்ளைப் பெயிண்டும் எடுத்து வந்து, என் பெயரைத் துடைத்துவிட்டு எழுதினேன்: பாப்பாத்தி, ஆற்றுத்திட்டு.