தேதியைப் பின்னால் தள்ளிய வெள்ளிக்கிழமைகள்

பதினோரு விநாடி ஓடுகிற ஒரு வீடியோவைப் பற்றிய உண்மை என் கணவருக்குத் தெரியுமா, தெரியாதா?

நான்கு வருடங்களாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். தெரியாது என்று சில நாள் நிம்மதியாக இருக்கும். பிறகொரு நாள் அவர் கைப்பேசியில் அதை ஓடவிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

மகள் பிறந்த நாற்பதாவது நாள் அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். நானும் குழந்தையும் மாமியாரும் அவனியாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். போவதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரும், அதன் தலையில் மாட்ட ஒரு வெப்கேமராவும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். திரையில் பெரிய கட்டத்தில் அவர். ஓரத்துச் சின்னக் கட்டத்தில் நாங்கள். பாதி நேரம் அவர் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் வரும். மீதி நேரம் குரலும் வராது.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கியதும் வாராவாரம் கேட்க ஆரம்பித்தார்.

"இன்னும் சொல்லலையா?"

"அத்தைன்னு சொல்றா. காக்கான்னு சொல்றா."

"காக்காவுக்கு அப்புறந்தான் நானா? சரி. மொத மொத அப்பான்னு சொல்றத நான் பாத்துரணும் புள்ள. லைன் போயிருச்சுன்னா நீ புடிச்சு வையி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

எங்களிடம் வீடியோ கேமரா கிடையாது. திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்கிற மென்பொருள் இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரரிடம் போனில் கேட்டேன். போகி அன்று மதியம் ஒரு சி.டி.யோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தெருவெல்லாம் மறுநாள் ஜல்லிக்கட்டுக்குத் தடுப்புக் கட்டை கட்டியிருந்தார்கள்.

"மாடு போக வழி விட்டிருக்காய்ங்க தங்கச்சி, மனுசன் போக விடல. வண்டிய அங்கனயே போட்டுட்டு நடந்து வாரேன்" என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நான் சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே மார்க்கர் பேனாவில் கிறுக்கியிருந்தது.

"என்னண்ணே, பேரு கையில எழுதியிருக்கு?"

"எங்க கடையில எல்லாமே கையெழுத்துதான். உள்ள இருக்கிறது ஒரிஜினல்."

"ஒரிஜினல்னா ஏன் பதினஞ்சு நாள்ல முடிஞ்சிரும்னு காட்டுது?"

"அது கம்ப்யூட்டருக்குச் சொல்றது, உங்களுக்கில்ல. பதிவு பண்ண உக்காரும்போது தேதியப் பின்னாடி தள்ளி இன்னைக்கி நாளுக்குக் கொண்டு வந்துருங்க. மொத நாள்தான்னு நெனச்சுக்கிட்டு அது பேசாம ஓடும்."

"இடையில ஏதாச்சும் கேட்டா?"

"எது கேட்டாலும் யெஸ் குடுத்துருங்க. நோ குடுத்தாத்தான் வம்பு."

மாமியார் காபித் தம்ளரை அவரிடம் நீட்டியபடி சொன்னார்: "ஏப்பா, கல்யாணத் தரகர்தான் இப்பிடிப் பேசுவான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பி.எஸ்ஸி. படித்தவள். ஒரு கேள்வியைப் படிக்காமல் ஆமாம் சொல்வது எப்படி? திரையில் ஓடுவதையெல்லாம் பதிவு செய்கிற ஒன்று, அதை எனக்கு மட்டும்தான் காட்டும் என்று என்ன நிச்சயம்? குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு பெண் சொல்லியிருந்தாள், வெப்கேமரா வழியாக வீட்டுக்குள்ளே யாரோ பார்க்கிறார்களாம். அன்றிலிருந்து பேசி முடித்ததும் கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுக்க மறந்துவிட்டு, "எங்களத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஒரே செவப்பாத் தெரியுது. என்ன புள்ள, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டியா?" என்றார் அவர்.

முதல் பதிவு மோசம். என் குரல் இருந்தது, அவர் குரல் இருந்தது, ஓரத்தில் எங்கள் படம்கூட இருந்தது. அவர் முகம் இருக்கவேண்டிய பெரிய கட்டம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. மாமியார் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே வரவில்லை. "எம்மவன் மூஞ்சி இருந்த எடத்துல இருட்ட வச்சிருக்கு. அத மொதல்ல அணைச்சு வையி ஆத்தா" என்றார். கடைக்காரரோ போனில் அலட்டிக்கொள்ளவில்லை. டிஸ்பிளே செட்டிங்கில் வேகத்துக்கென்று ஒரு கோடு இருக்கும், அதிலிருக்கும் முள்ளை இடது பக்கக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றார். வேகத்தைக் குறைத்தால் முகம் எப்படி வரும்? நம்பாமல்தான் தள்ளினேன். மறுவாரம் முகம் வந்துவிட்டது. அது வந்ததும் எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பதிவு செய்வதைப் பற்றி என் கணவரிடம் சொன்னபோது அவரும் ஒரு நொடி தயங்கினார்.

"நான் பேசுறது எல்லாமேவா பதிவாகுது?"

"ஏன், நான் கேக்கக்கூடாதது எதும் பேசுவீகளோ?"

"இல்ல, நாளைக்கி பஞ்சாயத்துல போட்டுக் காட்டிருவியோன்னுதான்."

அப்படியே ஒரு வழக்கம் படிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு உட்கார்ந்ததும் தேதியைப் பின்னால் தள்ளுவேன். பேசி முடித்ததும் பதிவைச் சேமிப்பேன். அந்த மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் அன்றைய தேதியையே பெயராக வைக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் எல்லா வெள்ளிக்கிழமையும் போகிதான் என்பதால் எல்லாப் பதிவுக்கும் ஒரே பெயர் விழும். ஆகையால் சேமித்த கையோடு பெயரை மாற்றுவேன்: தை மூன்றாவது வெள்ளி, மாசி முதல் வெள்ளி என்று. அதன்பிறகு தேதியைச் சரியாக்கி, பொட்டை ஒட்டிவிட்டு எழுந்திருப்பேன். வெளியே மாசி முடிந்து பங்குனி வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் இன்னும் பொங்கல்கூட வரவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளி. அவர் முகம் வழக்கம்போல உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி. குரலும் நின்றுவிட்டது. நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். மடியில் இருந்தவள் எழுந்து நின்று, திரையில் அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, "அப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, பதில் வராததால் கோபமாக இன்னொரு முறை, "அப்பா!"

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. லைனே போய்விட்டது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் போனில் கூப்பிட்டார். சொன்னேன்.

"நெசமாவா? எப்பிடிச் சொன்னா? என்ன சட்ட போட்டிருந்தா?"

"பச்சப் பாவாட சட்ட. ஒங்க கன்னத்துல கைய வச்சுச் சொன்னா."

"ரெக்கார்டு?"

"ஆயிருக்கு. மூணு தடவ பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் அவர் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது: "மாப்ள, எம்புள்ள அப்பான்னு சொல்லிட்டாடா!" திரும்ப என்னிடம், "அனுப்பு புள்ள. ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டணும்."

பதிவு நாற்பது நிமிடம். மின்னஞ்சல் அவ்வளவு பெரியதை ஏற்காது. வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்க எடிட்டிங் மென்பொருள் வேண்டும். எதை நம்புவது என்பதில்தான் அந்த வாரம் போயிற்று.

கம்ப்யூட்டரோடு வந்த ஒன்று பழைய பதிவுகளைத் திறக்க மறுத்தது. நான் பெயரை மாற்றியதுதான் காரணமோ என்று எனக்கொரு சந்தேகம். அதனால் இந்தப் பதிவின் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டேன், வெட்டி முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்று என் பிறந்த தேதியைக் கேட்டது. வீடியோ வெட்டுகிறவனுக்கு என் பிறந்த நாள் எதற்கு? இன்னொன்று வெட்டிக் கொடுத்தது, ஆனால் தன் பெயரை அவர் நெற்றியில் பட்டையாக அடித்துக் கொடுத்தது. கடைக்காரர் கொடுத்த இரண்டாவது சி.டி.யைப் போட்டதும் வைரஸ் காவல் செய்கிற மென்பொருள் சிவப்புக் கட்டத்தில் அலறியது. உடனே வெளியே எடுத்துவிட்டேன். கல்லூரியில் மிச்சமான நோட்டில் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, எதிரில் சந்தேகத்தை எழுதி வைத்தேன். பெயர் நான்கு. சந்தேகம் ஒன்றரைப் பக்கம்.

ஒரு நகலாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இன்னும் ஒரு பதிவுக்குத்தான் இடம் இருந்தது, அது அடுத்த வெள்ளிக்கு வேண்டும். பழைய பதிவு எதையாவது அழிக்கவேண்டும். எல்லாவற்றிலும் அவர் முகம் இருந்தது. எதை அழிப்பதென்று தெரியாமல் அப்படியே விட்டேன்.

அடுத்த வெள்ளி வந்துவிட்டது. தேதியைத் தள்ளினேன். பேசினோம். குழந்தை இப்போது எதைப் பார்த்தாலும் "அப்பா" என்றாள். தோசைக்கும் அப்பா, ஷேர் ஆட்டோவுக்கும் அப்பா. அன்று மேலே சுழலும் ஃபேனைக் காட்டி "அப்பா" என்றபோது அவர் பக்கம் குரல் போகவில்லை. "அனுப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்போது குழந்தை மவுசைப் பிடித்து இழுத்தாள். திரையில் ஒரு கேள்வி வந்தது. யெஸ் கொடுத்தேன்.

கேள்வி மறைந்த பிறகுதான் அது எனக்குள் வாக்கியமாக விழுந்தது. இதே பெயரில் ஒரு பதிவு இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா?

மூன்று மாதமாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அந்த ஒன்றைப் படிக்கவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மேல எழுதிட்டா எடுக்க முடியாது தங்கச்சி" என்றார். பிறகு, "புள்ள மறுபடி சொல்லும்ல?" என்றார். சொல்லும். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லும். முதல் தடவை சொல்லாது.

மறுநாள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போன நேரத்தில் அந்த இரண்டாவது சி.டி.யைப் போட்டேன். சிவப்புக் கட்டம் அலறியது. அதன் வாயை மூடினேன். கேட்டதற்கெல்லாம் யெஸ். மாசி மாதத்துப் பதிவிலிருந்து அவர் முகம் உறைந்து நின்ற ஒரு துண்டை எடுத்தேன். முந்தின நாள் பதிவிலிருந்து குழந்தை ஃபேனைப் பார்த்து "அப்பா" என்று சொல்லும் சின்னக் கட்டத்தையும் குரலையும் எடுத்தேன். ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினேன். அவ்வளவு சந்தேகப்பட்ட அந்த மென்பொருள்தான் இருந்ததிலேயே நல்லது. ஒட்டின இடமே தெரியவில்லை. பதினோரு விநாடி. அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"பாத்தேன் புள்ள. எல்லாரும் பாத்தாக. எம்புட்டு அழகாச் சொல்றா!" பிறகு, "பச்சச் சட்டன்னுல்ல சொன்ன? மஞ்சக் கவுனுல்ல போட்டிருக்கா?"

"பச்சைன்னா சொன்னேன்? லைன்ல சரியாக் கேட்டிருக்காது."

"இருக்கும்" என்றார். "இம்புட்டுத் தூரத்துல எந்தக் கலரா இருந்தா என்ன."

அதற்குப் பிறகு ஒரு நாள்தான் நான் இன்னொன்றைக் கவனித்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். உறைந்த படத்தில் அதில் கப்பல் இருந்தது. குழந்தை உண்மையில் அப்பா என்று சொன்ன நாளுக்குள் தாளைக் கிழித்திருந்தார்கள், பூந்தோட்டம் வந்திருந்தது. தினமும் அந்தச் சுவருக்குக் கீழே படுத்து எழுந்தவர் அவர்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். இங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். மகள் யு.கே.ஜி. போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மடியில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ப்பா, நான் ஃபேனையில்ல பாத்துச் சொல்றேன்!"

அவர் சிரித்தார். "ஃபேனுல நாந்தான் சுத்திக்கிட்டிருந்திருப்பேன் பாப்பா" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இந்தப் போனு எப்ப வேணாலும் போயிரும். இத ஒரு சி.டி.யில போட்டு, இவ பொறப்புச் சர்ட்டிபிகேட்டோட வச்சிரு. மேல தேதி எழுதிரு. பெரியவளானா கேப்பால்ல, என்னைக்கிச் சொன்னேன்னு."

சி.டி. தயார். மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் உண்மையில் அப்பா என்று சொன்ன வெள்ளி ஒன்று. அதன் படம் இதில் இல்லை. ஃபேனைப் பார்த்துச் சொன்ன வெள்ளி ஒன்று. அது அவர் காத்திருந்த நாள் இல்லை. அவர் முகம் மாசி மாதத்தது. கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாமே போகி என்கிறது. தேதி எழுதச் சொன்னது தெரியாமல் கேட்டதா, தெரிந்துகொண்டு என் வாயால் வரட்டும் என்று கேட்டதா என்பதும் எனக்குப் புரியவில்லை.

படிக்கிறவர்களில் அனுபவப்பட்டவர்கள் இருப்பீர்கள். பிள்ளையின் முதல் சொல்லைத் தூரத்தில் இருந்தபடி தவறவிட்ட அப்பாக்களும் இருப்பீர்கள். முக்கியமாக உங்களைத்தான் கேட்கிறேன். எனக்கு எழுதுங்கள். அவரிடம் முதலில் சொல்லிவிட்டுத் தேதி எழுதவா, எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கவா? எழுதுவதென்றால், எந்தத் தேதியை?