முந்திவந்த விடைகள்

திருப்பதியில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கற்பிக்கிறேன். தேறிச் செல்லும் மாணவர் வகுப்பறைக்கு ஆயத்தமானவரா என்று கணித்துச் சொல்லும் டேப்லெட் ஒன்றை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் வினவினால் திரையில் நான் ஒரு தட்டு. பிள்ளை விடையளித்தால் ஒரு தட்டு. முடிவில் பச்சையோ சிவப்போ எரியும்.

அதை ஏந்திக்கொண்டு சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றுக்குச் சென்றேன். அன்றைய மதிப்பீடு என் மாணவி ஒருத்திக்கு, நகரி ஊர்க்காரி. பச்சை எரிந்தால் திங்கட்கிழமை அவள் வேலையில் சேரலாம். சிவப்பானால் அந்த இடம் வேறொருவருக்கு.

அவள் வாயைத் திறக்குமுன்பே ஐந்தாம் வகுப்பு முழங்கியது: "தண்ணி ஆவியாப் பூடுது மேடம்!"

வினா பதிவாகாத விடையை ஏற்க இயலாதென்று டேப்லெட் மறுத்தது. அவள் பதறிப்போய், ஈரத்துணி ஏன் காய்கிறது என்று கேட்டாள்.

"அதான் சொல்லிட்டமே" என்றது முன்வரிசை.

"இப்ப ரெண்டாவது கேள்வியக் கேக்கணும் மேடம்" என்று திருத்தினாள் ஒரு சிறுமி. "அப்பறம் ஒரு ஜோக்கு வரும்."

என் மாணவி என்னருகே வந்து கிசுகிசுத்தாள். "தப்புதான் சார். நேத்தே இதே பாடத்த ஒருவாட்டி நடத்திப் பாத்துக்கினேன்."

மதிப்பீட்டுக்கு முதல் நாள் அதே பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்ப்பது எங்கள் துறையின் தொன்மையான மரபு. நானும் அவ்வழியே தேறியவனாதலால், கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை.

"வேற எதனா கேளும்மா" என்றேன்.

என் மேசைமேல், பேருந்து நிலையத்தில் வாங்கிய குளிர்நீர்ப் பாட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினாள். "மூடி இறுக்கமா இருக்குது. வெளியே தண்ணி எப்பிடி வந்துச்சு?"

வகுப்பு அடங்கிற்று. அவளும் பேசாமல் நின்றாள். பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லையென்று டேப்லெட் குறித்துக்கொண்டது.

"பாட்டில் ஓட்டை மேடம்" என்றான் ஒருவன். தவறு, ஒரு தட்டு.

"சார் குடிச்சிக்கினே சிந்திட்டாரு." தவறு, இன்னொரு தட்டு.

அந்தச் சிறுமி எழுந்துவந்து பாட்டிலைத் துடைத்தாள், தலைகீழாகப் பிடித்தாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆயினும் சற்றைக்கெல்லாம் மறுபடி முத்து முத்தாய் நீர் அரும்பியது.

"அப்ப காத்துலேர்ந்தா மேடம் வந்துச்சு?"

சிவப்பு எரிந்தது. நீண்ட மௌனம், மிகுதியான தவறுகள், ஆயத்தமில்லை.

"திங்கக்கெழம சேரணுமே சார்" என்றாள் மாணவி. கண் கலங்கியிருந்தது.

தீர்ப்பை மாற்றும் உரிமை பார்வையாளரான எனக்கு உண்டு. காரணத்தை நூறு எழுத்துக்குள் சொல்லவேண்டும். என் வழக்கப்படி தொடங்கிய வாக்கியம் முன்னுரையிலேயே கட்டத்தை நிரப்பிவிட்டது. வெட்டி வெட்டிக் கடைசியில் இவ்வளவே எஞ்சியது: "கேட்டாள், பொறுத்தாள், பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்."

பச்சை எரிந்தது.

"ஒத்திகை பாத்தத எழுதலையா சார்?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதுக்குக் கட்டமே குடுக்கலம்மா."