முகப்புத் திரையில் இல்லாத பெயர்

இன்று மதிய இடைவேளையில் ஒரு மின்னஞ்சல் வந்தது.

சின்ன வயதில் விளையாடிய பழைய வீடியோ கேமை நான் புதிதாக வரைந்து, போன மாதம் இணையத்தில் இலவசமாக வெளியிட்டேனே, அதன் மூல விளையாட்டுக்குப் படம் வரைந்தவர் எழுதியிருந்தார்.

வழக்கு என்றுதான் நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்: நான் காசு வாங்கவில்லை, நீங்களும் இப்போது அதை விற்பதில்லை.

அவர் சட்டமே பேசவில்லை. "காட்டை அழகாக வரைந்திருக்கிறீர்கள். முதலில் அதை வரைந்தவன் நான். என் பெயரை எங்கும் காணோமே?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய பனியன்களை உள்ளூரில் விற்கும்முன், வெளிநாட்டுக்காரர் லேபிளை வெட்டிவிடுவோம். அதே பழக்கத்தில்தான் விளையாட்டின் முகப்புத் திரையில் இருந்த பழைய பெயர்களை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கும் தூத்துக்குடித் தோழியிடம் மின்னஞ்சலைக் காட்டி, "பேரு இருந்தா கேஸ் வரும்னு பயந்துட்டேன்" என்றேன்.

அவள் கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஏ பிள்ள, நாங்க லேபிள வெட்டிட்டு எங்க பேரையா தைக்கோம்?"

மாலையே அவர் பெயரை முதலில் போட்டு மாற்றி ஏற்றிவிட்டேன். பதில்தான் இன்னும் எழுதவில்லை. மூன்று முறை தொடங்கினேன். மூன்றிலும் முதல் பத்தி முழுக்க என் நியாயங்கள்.

அவை இல்லாமல் மன்னிப்பு கேட்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "காசு வாங்கலையே" என்று மட்டும் யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அதை நானே போதுமான அளவு சொல்லியாயிற்று.