கொடியில் காய்ந்த சட்டை

கப்பலின் புகைக்கூண்டுக்கு எதற்கு இரண்டு நிறம்? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. நாள் முழுக்க கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அதைச் சுமந்து வந்த கப்பலை மட்டும் கண்ணால் பார்க்க மாட்டேன். ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டியை நிறுத்திப் பார்த்தபோது, தூரத்தில் நின்ற கப்பலின் புகைக்கூண்டு பாதி சிவப்பு, பாதி கறுப்பு. ஏன்? ஆபீஸில் கேட்டால், "பெயின்ட் தீர்ந்திருக்கும்" என்றார்கள். ஃபேஸ்புக்கில் கப்பல் படம் போடுகிறவர்களின் குழு ஒன்று இருந்தது. அங்கே படத்தைப் போட்டேன். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த நிறங்கள் கம்பெனியின் அடையாளமாம், நம் ஊர்க் கட்சிக்கொடி மாதிரி.

பதில் சொன்னவர் கொழும்பில் கிரேன் ஓட்டும் ஒரு அண்ணன். சும்மா விடுவேனா? அவ்வளவு உயரத்தில் இருப்பவருக்கு மதியச் சோறு எப்படி மேலே போகும் என்று கேட்டேன். "கயித்திலதான் தங்கச்சி. சொதி மட்டும் பாதி வழியில சிந்தி இறங்கிப் போயிடும்" என்றார். அவ்வளவுதான், நான் அந்தக் குழுவின் ஆளாகிவிட்டேன்.

அங்கேதான் மாலத்தீவு அக்காவும் கிடைத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மாலேயில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்தால் போனோடு படகுத்துறையில் போய் நிற்பார். "ஊர்ல கடல் இருந்துச்சு மக்ளே, பாக்க நேரம் இல்ல. இங்க கடலைத் தவிர பாக்க வேற ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்பார். என் அப்பா மாலேக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் குதித்தார்.

"நான் வெட்டுற உள்ளியெல்லாம் உனக்க அப்பா கொண்டு வாறதா? எனக்க கண்ணுல வாற தண்ணிக்கு அவருதான் பொறுப்பு!"

அப்பா தோணியின் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் என்றால் தோணிக்குத் தண்டல். பெரிய மரத்தோணி, பாயும் உண்டு, இன்ஜினும் உண்டு. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதனாலேயே அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அக்கா கேட்டார். அடுப்பு எங்கே? ராத்திரி யார் முழிச்சிருப்பா? நல்ல தண்ணிக்கு என்ன செய்வாங்க, குளிப்பாங்களா, துணி துவைப்பாங்களா? தண்டல் மகளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இத்தனை வருஷம் கேக்காதவ இப்ப என்னளா கேக்க?" என்றாலும், சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "கடல்ல நல்ல தண்ணி கஞ்சிக்கும் குடிக்கவும்தான். கரை கண்ணுல பட்டு, இனி பயமில்லைன்னு ஆன பொறவுதான் மிச்சத் தண்ணியில சட்டையை அலசுவோம். அழுக்குச் சட்டையோட அடுத்த ஊர்ல இறங்க முடியுமா?"

நான் அதை அப்படியே குழுவில் எழுதினேன். கிரேன் அண்ணன் ஒரு சோப்புப் படம் போட்டார்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "முகந்தெரியாத ஆளுககிட்ட அப்பா கோமணம் துவைக்கிற கதையா சொல்லிட்டு இருக்க? கப்பலைப் படம் புடிச்சா உனக்கு மாப்பிள்ளை வருமா?"

"வந்தா கப்பல்லயே வருவாரும்மா" என்றேன். அடி விழுந்தது.

போன ஐப்பசியில் அப்பா உள்ளியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தோணி நடுக்கடலில் இருக்கும்போது டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்று சிவப்பு வட்டம் போட்டார்கள். மாலே சேர்ந்து கூப்பிட வேண்டிய நாள் வந்தது, போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தோணிக்கார முதலாளி, "காத்துக்கு எங்கேயாவது ஒதுங்கியிருப்பாவ, கவலப்படாதீங்க" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் சாப்பிடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு மாதா படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் போன்ல கப்பல் போற இடமெல்லாம் தெரியும்னியே. அப்பா எங்கன நிக்காவன்னு பாரு."

பார்த்தேன். கப்பல்களைக் காட்டும் அந்த ஆப்பில் அப்பாவின் தோணி கிடையாது. தோணிக்கு வைத்த புனிதரின் பெயரிலேயே ஒரு கப்பல் இருந்தது, ஐரோப்பாவில் ஏதோ ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் ஆப்பை மூடினேன்.

குழுவில் எழுதினேன். அப்பா போன நாள், தோணியின் நிறம், பழைய படம் ஒன்று. எழுதும்போதே சந்தேகம்தான். கப்பல் படத்துக்கு லைக் போடுகிறவர்கள், எங்கள் வீட்டுப் பயத்துக்கு என்ன போடுவார்கள்? கிரேன் அண்ணன், அந்தப் பக்கமெல்லாம் காற்று எப்படி அடித்தது என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுதினார். "காற்று வடக்கே விலகிட்டுது தங்கச்சி. தோணி தெற்கே சுத்திப் போயிருந்தால் நேரம்தான் கூடும்." மாலே அக்கா ஒரே வரி எழுதினார்: "நான் துறைக்குப் போறேன் மக்ளே."

அங்கே மழை. டூட்டி முடிந்து தூங்க வேண்டிய நேரத்தில் அவர் குடையோடு படகுத்துறையில் நின்றார். காலையில் ஒரு படம் வந்தது, வெறும் கடல். பிறகு இன்னொன்று, அதுவும் கடல். எனக்காக ஒருவர் வெறுங்கடலைப் படமெடுத்து அனுப்புகிறார் என்பதே எனக்கு விநோதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து போன சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் மூன்றாவது படம். மழைக்குள் புகைபோல ஒரு தோணி. பெரிதாக்கினால் பெயர் கலங்கிவிடுகிறது. கீழே அக்கா எழுதியிருந்தார்:

"பேரு தெரியல்ல. ஆனா கொடி முழுக்கத் துணி கெடக்கு. மழையில ஏன் காயப் போட்டிருக்காவளோ! கரை கண்டாச்சு, தண்ணி மிச்சம் இருக்கு. நீதானே சொன்னே?"

அம்மாவிடம் ஓடினேன். அவள் போனை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். கொடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. அவ்வளவுதான், புள்ளி.

"கோயில் திருநாளுக்கு எடுத்த சட்டை" என்றாள். "வேண்டாம் வேண்டாம், லாரி டிரைவர் மாதிரி இருக்குன்னேன். கேட்டாவளா?" சொல்லிக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் அப்பாவின் போன் வந்தது. காற்றுக்கு ஒரு தீவின் மறைவில் ஒதுங்கிக் கிடந்தார்களாம். அதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏளா, இங்கன ஒரு புள்ள குடையோட நின்னு, 'நான் உங்க மகளுக்க கூட்டுக்காரி'ங்கா. எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தா. நீ மாலேக்கு எப்பளா வந்த?"

ஊர் எல்லையைத் தாண்டாத எனக்கு அங்கே எப்படி ஒரு சிநேகிதி? அக்காவின் குரலை நான் கேட்டதுகூட அன்றுதான், அப்பாவின் போனில், பின்னால் யாரிடமோ சிரிக்கும் சத்தமாக.

முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்து வீட்டிலேயே சுட்ட மக்ரூன் ஒரு டப்பா, அடுத்த தோணியில் அம்மா ஏற்றிவிட்டாள். முகந்தெரியாத ஆளுக்கு. டப்பாவைக் கட்டிக் கொடுத்து, அந்தத் தோணியின் தண்டலிடம், "சாய்க்காம கொண்டு போங்க அண்ணாச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் டப்பாவைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். சில நாளில் அக்காவிடமிருந்து பதில் வந்தது:

"பாதி பொடியாப் போச்சு மக்ளே. வார்டுல எல்லாரும் ஸ்பூன் போட்டுத் தின்னோம். உனக்க அம்மைகிட்ட ஒண்ணு கேக்கணும். இதுல முட்டை மஞ்சக்கருவை என்ன செய்வாங்க?"

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் போனுக்குக் கை நீட்டினாள்.

"தா, நானே சொல்லுதேன்."