கதவிடுக்கில் பூண்டுத் துணி

இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாலெரியு என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவன் அன்று குடித்திருக்கவில்லை. எங்கள் துல்ச்சா ஆற்றுத் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக்கடையில், பட்டப்பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, தட்டில் இருந்த பூண்டுச் சாந்தை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டு மீனைத் தின்றான். எங்கள் ஊரில் பூண்டு இல்லாமல் மீன் தின்கிற ஒருவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

‘டோரினா’ சின்னச் சரக்குக் கப்பல். வாலெரியு அதில் சீஃப் ஆபீசர். எந்தச் சரக்கை எங்கே அடுக்குவது, எதன் பக்கத்தில் எது இருக்கக் கூடாது, எது நனையக் கூடாது என்பதெல்லாம் அவன் தலையில். கேப்டன் பெயர் ஒப்ரியா. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஓரவஞ்சனை செய்ததாக யாரும் குறை சொல்லக் கூடாது.

அந்த முறை ஏற்றியது ஃபெரோசிலிக்கான். உருக்காலைக்குப் போகிற சாம்பல் நிறக் கட்டிகள். காய்ந்திருக்கும்வரை வெறும் கல், பரம சாது. ஈரம் பட்டால் விஷவாயு விடும். அதற்கு நிறம் கிடையாது. சுவரில் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் அடுத்த அறைக்கு வந்துவிடும். தூங்குகிறவன் தூங்கியபடியே போவான். அதற்குக் கடவுள் வைத்திருக்கும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான்.

பூண்டு வாசனை.

ஏற்றும்போது தூறல் போட்டது. வாலெரியு ஓடிப்போய்க் கேப்டனிடம் நின்றான்.

“கேப்டன், மூடியைப் போட்டுடலாங்க. சரக்கு நனையுது.”

“தூத்தலுக்குக் கரைஞ்சு போக இதென்ன சர்க்கரையாய்யா? மழை நிக்கிற வரைக்கும் துறைமுகத்துல உக்காந்திருந்தா ஓனருக்கு நீ பதில் சொல்லுவியா? போ, போட்டு நிரப்பு.”

சரக்கறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு அறைகள். ஒன்று வாலெரியுவுடையது. பக்கத்து அறை, எஞ்சின் பார்க்கும் சம்ஃபிருடையது. அந்தச் சுவரில் பழைய மின்கம்பி போகிற துளை ஒன்று இருந்தது. கிழிந்த துணியும் கிரீசும் அடைத்து வைத்திருந்தார்கள். அதை ஒழுங்காக அடைக்காமல் கிளம்பக் கூடாது என்று வாலெரியு சொன்னான். கடலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கேப்டன். வாலெரியு தன்னால் முடிந்த அளவு மக்குப் பசை வைத்துப் பூசினான், சரக்கறை ஃபேன்களை இரவும் பகலும் ஓடவிட்டான், எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினான்.

“அறையில பூண்டு வாசனை வந்தா யோசிக்காதீங்க. போட்டது போட்டபடி மேல ஓடி வாங்க.”

சம்ஃபிர் சிரித்துவிட்டான். ஐம்பது வயது ஆள், சிரித்தால் தொப்பை குலுங்கும். அவன் மனைவி ஸ்மரான்டாதான் அந்தக் கப்பலின் சமையல்காரி.

“தம்பி, நான் இவகூட இருபது வருஷமாக் குடும்பம் நடத்துறேன். பூண்டு வாசனைக்கு ஓடணும்னா நான் கல்யாணத்தன்னைக்கே ஓடியிருக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாலெரியுவும்தான்.

ஆற்றோடு இறங்கி, அது கடலில் சேரும் சுலினாவுக்கு வந்தபோது பனிமூட்டம் கட்டிவிட்டது. மூக்குக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். இரண்டு மாலுமிகள் கப்பலின் முன்முனையில் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பனியில் நிற்கிற கப்பல் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

அன்று நவம்பர் இருபத்தொன்பது. மறுநாள் புனித அந்திரேயா திருநாள்.

எங்கள் பக்கத்தில் அந்தத் திருநாளுக்கு முந்தைய இரவை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. புதைகுழியில் அடங்காதவர்கள் எழுந்து வருகிற இரவு அது. ஸ்திரிகோய் என்போம். தெரிந்தவர்கள் குரலில் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடும். பதில் சொல்லக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. பொழுது சாயும் முன் கதவு, ஜன்னல், சாவித் துளை எல்லாவற்றிலும் பூண்டைத் தேய்த்துவிட வேண்டும்.

ஸ்மரான்டா கரையில் இருந்தாலும் கப்பலில் இருந்தாலும் அதை விட்டதில்லை. இரண்டு சரம் பூண்டு எடுத்து வந்திருந்தாள். உரித்துக் கொடுத்தது யார் தெரியுமா? வாலெரியு. அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவளோடு கதை பேசிக்கொண்டே உரித்துக் கொடுத்தான். அவன் அம்மா தேய்த்திருக்கிறாள், பாட்டி தேய்த்திருக்கிறாள். அந்த நாளில் வீடு பூண்டு மணக்காவிட்டால்தான் அவனுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்கும். கப்பலின் அடியில் என்ன கிடக்கிறது என்பது அவனுக்கு ஒரு கணம்கூட உறைக்கவில்லை.

சம்ஃபிர் பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடித்து வந்தவன், சாப்பாடு வேண்டாம், தலை வலிக்கிறது என்று படுக்கப் போய்விட்டான். அவன் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று ஸ்மரான்டா அந்த அறைக்கு மட்டும் வெளிப்பக்கமாகத் தேய்த்தாள். கதவின் கீழ் இடுக்கில் பூண்டு நசுக்கிய துணியைத் திணித்தாள். அப்போது மணி நாலரை. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

ஆறு மணிக்கு வாலெரியு சாப்பாட்டறைக்கு இறங்கி வந்தான். பொரித்த மீன், மமலிகா என்கிற மக்காச்சோளக் களி, பூண்டுச் சாந்து. கேப்டன் பிளம் சாராயத்தில் பாதி பாட்டிலை முடித்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். இரண்டு நாள் தூக்கம் வாலெரியுவின் கண்ணை இழுத்தது. அவன் எழுந்தான்.

டொக். டொக். டொக்.

கீழே இருந்து வந்தது. அறைகள் இருக்கும் நடையிலிருந்து.

“ஸ்மரான்டா…”

சம்ஃபிரின் குரல்.

ஸ்மரான்டா சிலுவை போட்டுக்கொண்டாள். விரலை உதட்டில் வைத்தாள்.

“அண்ணன்தானேக்கா. கதவு ஒட்டிக்கிச்சு போல,” என்றான் வாலெரியு.

“பேசாத தம்பி. இன்னைக்கு யார் குரல்ல வேணாலும் வரும். அவர் தூங்குறார்.”

“ஸ்மரான்டா… கதவைத் திற…”

டொக். டொக். டொக்.

வாலெரியு ஓரடி வைத்தான். கேப்டன் காலை நீட்டி வழியை மறித்தார். அந்த ஆளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“உக்காருய்யா. அவன் பொண்டாட்டியை பயமுறுத்தி விளையாடுறான். நீ போய்த் திறந்து அதைக் கெடுக்காத.” பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். “டேய் சம்ஃபிர்! செத்தவன் குரல் உனக்கு அருமையா வருதுடா! இன்னும் கொஞ்சம் அழுது காட்டு!”

தட்டுவது நின்றது.

வெளியே பனியில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

பிறகு கீழே இருந்து, மிக மெதுவாக…

“வாலெரியு… உன் படுக்கையைச் சூடாக்கி வச்சிருக்கேன். வந்து படு.”

குரல் சம்ஃபிருடையதுதான். ஆனால் சம்ஃபிர் ஒரு நாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் தம்பிதான்.

கேப்டனின் சிரிப்பும் அடங்கிவிட்டது. மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். அந்த அமைதியில்தான் வாலெரியுவுக்கு ஒன்று புரிந்தது.

இவ்வளவு அமைதி இருக்கக் கூடாது.

“ஃபேன் ஏன் ஓடலை?”

“நான்தான் நிறுத்தினேன்.”

“நிறுத்தினீங்களா? எதுக்கு?”

“சம்ஃபிர் வந்து கேட்டான்யா. சத்தத்துல தூங்க முடியலைன்னான். வெறுங்காலோட என் வாசல்ல வந்து நின்னான், பாவமா இருந்துச்சு.”

“எப்போ?”

“இருட்டினப்புறம்.”

ஸ்மரான்டா மெல்லத் திரும்பினாள். “இருட்டுறதுக்கு முன்னாடியே நான் அந்தக் கதவை அடைச்சிட்டேனே. துணி வச்சது வச்சபடி இருக்கே. இப்பக்கூட பாத்துட்டுத்தான் வந்தேன்.”

வாலெரியுவுக்குத் தலை வலித்தது. சாயங்காலத்திலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது.

சம்ஃபிருக்கும் தலைவலி.

அவன் மூச்சை இழுத்துப் பார்த்தான். பூண்டு. கையில் பூண்டு, தட்டில் பூண்டு, கதவில் பூண்டு. கப்பல் முழுக்கப் பூண்டு. இதில் எது ஸ்மரான்டாவுடையது? எது சரக்கறையிலிருந்து வருவது?

“ஐயோ…”

கேப்டனின் காலைத் தாண்டிப் படியில் பாய்ந்தான். ஸ்மரான்டா பின்னாலேயே ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

“திறக்காத! அது அவர் இல்ல! உன் காலில விழறேன், திறக்காத!”

சட்டை கிழிந்தது. அவன் நிற்கவில்லை.

கதவிடுக்கில் துணி இருந்தது. வைத்தது வைத்தபடி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியைப் பிடுங்கினான்.

கைப்பிடியில் கை வைத்தான்.

அவன் அழுத்தவில்லை…

கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது. உள்ளே இருந்து யாரோ இறக்கினார்கள்.

கதவு திறந்தது.

கதவருகே யாரும் இல்லை.

சம்ஃபிர் கட்டிலில் படுத்திருந்தான். சுவரைப் பார்த்தபடி. போர்வை கழுத்துவரை.

வாலெரியு தோளைப் பிடித்துத் திருப்பினான்.

கட்டை. மரக்கட்டை மாதிரி முழு உடம்பும் ஒன்றாகத் திரும்பியது.

அதற்கு மேல் நடந்ததை அவன் துண்டு துண்டாகத்தான் சொன்னான். எல்லோரையும் மேல்தளத்துக்குத் துரத்தினான். ஃபேன்களைப் போட்டான். உதவி கேட்டுப் பனிக்குள் வெளிச்சக் குண்டு விட்டான். கரையிலிருந்து படகு வரும்வரை எல்லோரும் குளிரில் நடுங்கியபடி நின்றார்கள். முகமூடி போட்டு இறங்கியவர்கள் வாலெரியுவின் அறையையும் சோதித்தார்கள். அங்கே படுத்திருந்தால் விடிவதற்குள் அவனும் முடிந்திருப்பான் என்று சொன்னார்கள். தட்டும் சத்தம் கேட்டபோது அவன் படுக்கத்தான் எழுந்திருந்தான். அது அவனைக் காப்பாற்றத் தட்டியதா, வரச்சொல்லித் தட்டியதா? என்னிடம் கேட்காதீர்கள். அவனுக்கே தெரியவில்லை.

சுலினா மருத்துவமனையில் டாக்டர் உடலைப் பார்த்துவிட்டு நேரம் சொன்னார். பிற்பகல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மூன்று மணியைத் தாண்டாது என்றார். ஆறு மணிக்கு அவன் தட்டினான் என்று வாலெரியு சொன்னபோது, அவர் ஆறுதலாக அவன் தோளைத் தட்டி, வாயு மூளையைக் குழப்பும் என்று மட்டும் சொன்னார்.

சம்ஃபிர் கம்பளிக் காலுறையோடுதான் படுப்பான். அன்றும் போட்டிருந்தான், சுத்தமான காலுறை. டாக்டர் அதைக் கழற்றியபோது வாலெரியு பக்கத்தில் நின்றான். உள்ளங்கால் இரண்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன. சரக்கறையில் வெறுங்காலோடு நடந்தால் ஒட்டுகிற தூசி அது.

விசாரணையில் ஒப்ரியா, சம்ஃபிர் கேட்டுத்தான் ஃபேனை நிறுத்தினேன் என்று சத்தியம் செய்தார். செத்து மூன்று மணி நேரம் ஆனவன் வந்து கேட்டானா என்று அதிகாரிகள் சிரித்தார்கள். உரிமம் போயிற்று, சிறைக்கும் போனார். வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்ன மனிதர் அந்த ஒன்றைத்தான் உண்மையாகச் சொல்லியிருக்கிறார், அதை ஒருவரும் நம்பவில்லை. சரக்கை நனைத்த பாவத்துக்கு அந்தத் தண்டனை போதாது என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள், வாலெரியு ஸ்மரான்டா வீட்டுக்குப் போனான். கதவை அடைத்துக் கணவனைக் கொன்றவள் என்று அக்கம்பக்கம் அவள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தது. அவளும் அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதாள். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். டாக்டர் சொன்ன நேரத்தை அவளிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. அவள் மனப்பாரத்தை இறக்கிவிடலாம் என்றுதான் அவன் போனான்.

“அக்கா, கேளுங்க. நீங்க அவரைக் கொல்லல. நீங்க நாலரைக்குத் துணி வைக்கும்போது அண்ணன் செத்து ரெண்டரை மணி நேரம் ஆயிடுச்சு. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்.”

அவள் அழுகை நின்றது. சந்தோஷப்படுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இரத்தமும் வடிந்துபோனது.

“நாலரைக்கா?”

“ஆமாக்கா.”

“கீழ இடுக்குல துணி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி. சாவித் துளையில தேய்ச்சுட்டுத் திரும்பினேன். அவர்தான் உள்ளேயிருந்து சொன்னார்… ‘கீழ விட்டுட்டியே, நல்லா அடைச்சுட்டுப் போ’ன்னு.”

அவள் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், அவன் போகட்டும் என்று.

“நீ சொன்னதை நான் கேட்கல. நான்தான் அடைச்சேன், நான்தான் கொன்னேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும், தம்பி. அதோட என்னால தூங்க முடியும்.”