சத்தமாகச் சொன்ன ஜெபம்

தொப்பம்பட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, தோப்புக்கார அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் நிறுத்தி ஏறச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏறினால் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பார்.

வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதிலிருந்து எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு போர்வெல் லாரி, பிறகு இந்தத் தோப்பில் தேங்காய் உரிப்பு. போகிற இடமெல்லாம் நான் கிறிஸ்தவன் என்பதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. போர்வெல் போடும் முன் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன். என் அம்மா பஸ்ஸில் போகும்போது மாதா கோயிலைப் பார்த்தால்கூட நெற்றி, மார்பு, தோள் என்று முழுச் சிலுவை போடுவாள். நான் சோற்றுக்கு முன் கட்டைவிரலால் நெஞ்சில் ஒரு கோடு இழுப்பேன். பார்ப்பவர்களுக்கு அரிப்பு என்று தோன்றும்.

தோப்புக்காரருக்கு வயிற்றில் புற்று. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தூக்கி உட்கார வைக்க ஆள் தேவைப்பட்டது. தேங்காய் உரித்து முடிந்த பிறகும் நான் தங்கியது அதற்குத்தான். துடைப்பது, படுக்கை மாற்றுவது எல்லாம் நானே செய்தேன். கூச்சப்படுகிற நிலையை அவர் தாண்டியிருந்தார்.

ஒரு நாள் பம்ப்செட்டில் குளித்துவிட்டுச் சட்டையை உதறினேன். பையிலிருந்து ஜெபமாலை விழுந்தது. தோப்புக்கார அம்மா பார்த்துவிட்டார்.

"ஏங் கண்ணு, நீ வேதக்காரனா?"

"ஆமாம்மா."

"சொல்லவே இல்ல பாரு. பழனிக்கு வேண்டியாச்சு, தர்காவுல கயிறு மந்திரிச்சாச்சு. உங்க சாமிகிட்டச் சொல்ல எனக்குத் தெரியாது. நீ சொல்லோணும்."

"பொழைக்கணும்னா?"

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலியில்லாமப் போகோணும்னு."

அன்றிலிருந்து மாலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து மாதாவிடம் வேண்டும் மங்கள வார்த்தை ஜெபத்தை முணுமுணுப்பேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"ஏப்பா, உங்க சாமி இங்கிலீசா, மலையாளமா?"

"தமிழ்தான் ஐயா."

"அப்பறம் எதுக்கு வண்டு மாதிரி முனகற? எனக்கும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். அந்த ஜெபத்தின் கடைசியில், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று வரும். அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"கடைசில என்னமோ முழுங்கிட்ட."

வேறு வழியில்லாமல் அதையும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்தால் வலிக்கும், இருந்தாலும் சிரித்தார். "அடப்பாவி, அதத்தான மொதல்ல சொல்லியிருக்கோணும்."

பிறகு தினமும் அதுதான். சொல்லி முடித்தால் கொஞ்சம் தூங்குவார். நான் நேரம் தாழ்த்தினால், "எங்க அந்தப் பையன்?" என்று கேட்பாராம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா வேளாங்கண்ணிக்குப் போய்வந்து எண்ணெய் கொடுத்திருந்தார். தடவச் சொல்லி அம்மா என்னிடம் தந்தார். எங்கள் வீட்டில் நோயாளிக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் சிலுவையாகத்தான் வைப்போம். கை அப்படியே போய்விட்டது. காலையில் அம்மா பூசிவிட்ட திருநீறு எண்ணெயில் நனைந்து அழிந்தது. நெற்றியில் சிலுவை மட்டும் பளபளத்தது.

வாசலில் கார் நின்ற சத்தத்தை நான் கவனிக்கவில்லை. தோப்புக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெரியவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். அந்தத் தாயின் கண் நேராக நெற்றிக்குத்தான் போனது.

"ஏனுங்க, சம்பந்தி நெத்தில துன்னூறு எங்கீங்க? இது ஆரு?"

"தேங்கா உரிக்கற பையனுங்க," என்றார் அம்மா.

"தேங்கா உரிக்கறவனுக்கு நெத்தில என்னங்க வேலை? இந்த ஊடே வேதத்துக்கு மாறிருச்சுங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"இல்லீங்க, எண்ணெதானுங்க."

அம்மா திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து அவசரமாகப் பூசினார். எண்ணெயின் மேல் அது சேறு போல அப்பியது. இன்னும் அள்ளிப் பூசினார். பெரியவர், "நாந்தான் ஜெபம் சொல்லச் சொன்னேன்," என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை.

அவர்கள் போன பின் அம்மா பம்ப்செட்டுக்கு வந்தார். கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தது.

"நீ தப்புப் பண்ணல கண்ணு. ஆனாப் போயிரு. புள்ள வாழ்க்கை."

"ஐயா கேட்டா?"

"ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கறேன்."

ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாசல் வரை நடந்தேன். சம்பந்திகள் கோபித்துப் போன செய்தி கேட்டு உறவுக்காரர்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

தொப்பம்பட்டியிலிருந்து பழனி போய், அங்கே திண்டுக்கல் பஸ் ஏறினேன். பிரசங்கத்தில் விசுவாசத்தை ஒளிக்காதே என்பார்கள். ஒளிக்காவிட்டால் நமக்குக் கஷ்டம் வரும், தாங்கிக்கொள் என்பார்கள். எனக்கு வந்தது பெரிய கஷ்டமில்லை, வேறு வேலை கிடைக்கும். கஷ்டம் அந்தப் பெண்ணுக்கும், சாயங்காலம் ஆள் வராத கட்டிலுக்கும் போனது. இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. முணுமுணுப்போடு நிறுத்தியிருந்தால் அவருக்கு அந்தத் தூக்கமும் வந்திருக்காது. போனில் அந்த வீட்டு நம்பர் இருந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, காலையில் நாகல் நகர்ப் பக்கம் போனேன். ஓர் அரிசி மண்டியில் மூட்டை இறக்க ஆள் கேட்டார்கள். முதலாளி என் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"நம்மாளா! எந்தச் சபை?"

"ஆர்.சி.ங்க."

"பரவாயில்ல, பரவாயில்ல," என்றார், நான் ஏதோ வியாதியைச் சொன்னதுபோல. அவர் வேறு சபை. கல்லாவுக்கு மேலே பைபிள் வசனப் பலகை, ஸ்பீக்கரில் பாட்டு. கடை திறக்கும் முன் எல்லோரும் நின்று ஜெபிப்பது அங்கே வழக்கம். "இன்னைக்கு நீ பண்ணு தம்பி. ரோட்ல போறவன் காதுலயும் விழணும். நாம எதுக்குப் பயப்படணும்?"

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கட்டிலில் கிடப்பவரைத் தவிர வேறு எதுவும் என் மனதில் வரவில்லை.

"எனக்கு ஜெபம் தெரியாதுங்க," என்றேன்.

பக்கத்தில் நின்ற லோடுமேன் ஒரு கண்ணைத் திறந்து, "ஏலே, இம்புட்டு வயசாச்சு, இதுகூடவா தெரியல?" என்றான். முதலாளி வருத்தமாகத் தலையை ஆட்டினார். "போகப் போக வரும்," என்று சொல்லி அவரே ஜெபித்தார். நீளமாக, நன்றாக ஜெபித்தார். வியாபாரம், வரவேண்டிய லாரி, ஊரிலுள்ள நோயாளிகள் எல்லாம் வந்தது. நோயாளிகள் என்றபோது மட்டும் ஆமென் என்றேன், உதட்டுக்குள்.

லாரி பின்பக்கமாக வந்து நின்றது. தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு போய் முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.